நான்கு கிண்ணங்கள்

கட்டடத்தின் படத்தை, பூச்சிமருந்து அடிக்க வந்த மருந்துக்காரம்மா தன் கையாலேயே வரைந்திருந்தார். தரைத்தளத்தோடு சேர்த்து ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம். மூட்டைப்பூச்சி இருக்கும் வீட்டுக்குச் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. காலையிலிருந்து பதினைந்து வீடுகளையும் பார்த்து முடித்தபோது படத்தில் இரண்டே குறிகள் இருந்தன. ஒன்று தரைத்தளத்தில், இடது மூலையில். மற்றது நான்காம் மாடியில், வலது மூலையில்.

நடுவில் ஒன்றுமில்லை.

மூட்டைப்பூச்சி அப்படிப் பரவுவதில்லை. சுவர் வெடிப்பு, மின்கம்பிக் குழாய், கதவிடுக்கு என்று பக்கத்து வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகத்தான் நகரும். பழைய கட்டடம், வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூன்று மாடிகளைத் தொடாமல் எதிர் மூலைக்குப் போயிருக்கிறது என்றால் அதை ஒரு ஆள் சுமந்துகொண்டு போயிருக்க வேண்டும்.

"எந்த வீட்லேர்ந்து ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சுதா?" என்று செயலாளர் கேட்டார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நான்காம் மாடி வலது மூலை அவருடைய வீடு. தன் அம்மாவின் கையில் வரிசையாகத் தடிப்புகளைப் பார்த்துவிட்டு மருந்துக்காரம்மாவுக்குத் தொலைபேசியில் பேசியவரும் அவரே.

"பார்த்துட்டிருக்கேன் சார்."

"கீழ் வீடாத்தான் இருக்கும்."

"அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டா?"

"கிடையாது" என்றார் செயலாளர். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனார்.

மருந்துக்காரம்மா கீழ் வீட்டுக்கு இன்னொரு முறை போனார். ஒரே அறை, ஒரு சமையலறை. சாவி மீட்டர் பெட்டிக்குள் தொங்கியது. அறையின் நடுவில் பக்கக் கம்பிகள் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் ஒரு முதியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்திருந்தது. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை ஒரு பணியாள் வந்து துடைத்து, ஊட்டி, படுக்க வைத்துவிட்டுப் போவார். மறுபடி மூன்று மணிக்கு வருவார்.

"திரும்பவும் வந்துட்டீங்களா? காலையிலே பார்த்த அழகு பத்தலையா?" என்றார் முதியவர். வாய் ஒரு பக்கமாகத்தான் அசைந்தது. ஆனாலும் சொற்கள் தெளிவாக இருந்தன.

"கட்டிலை இன்னொரு தடவை பார்க்கணும் ஐயா."

"பாருங்க. எனக்கே ரத்தம் பத்தல. இதுல தினமும் விருந்தாளிங்க."

மருந்துக்காரம்மா மண்டியிட்டு டார்ச்சை அடித்தார். கம்பிகள் சேரும் இடங்களில், திருகாணிகளைச் சுற்றி, மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். கட்டில் வாடகைக்கு எடுத்தது. வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆரம்பம் இங்கேதான். அதில் சந்தேகமில்லை.

கட்டிலருகே ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பினார். இருக்கையின் அடிப்பக்கத்தில், பின்னல்கள் முடிச்சிடும் இடங்களில், உரித்துப்போட்ட தோல்கள், முட்டைகள், உயிருள்ளவை ஏழெட்டு. அழுகத் தொடங்கும் பழத்தின் வாடை.

காலி நாற்காலியில் மூட்டைப்பூச்சி குடும்பம் நடத்தாது. ஒரு மனித உடம்பு அசையாமல், நெடுநேரம், தினமும் இருக்கும் இடத்தில்தான் அது தங்கும்.

"இதுல யார் உட்கார்றாங்க ஐயா?"

"யாரும் இல்ல."

"தினமும் ஒரு ஆள் ரெண்டு மூணு மணி நேரம் உட்கார்றாங்க."

முதியவர் கூரையைப் பார்த்தார். "பூச்சி அதையெல்லாம் சொல்லுதா?"

"சொல்லுது."

"என்னைவிட நல்லாப் பேசுது போலிருக்கு." பார்வையைக் கூரையிலிருந்து இறக்கி, "செயலாளர்கிட்ட சொல்ல வேணாம்" என்றார். பிறகு, "அவன் என் பையன்தான்" என்றார்.

மருந்துக்காரம்மா நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். படத்தில் இருந்த இரண்டு குறிகளும் இப்போது சேர்ந்துவிட்டன.

நான்காம் மாடியில் செயலாளரின் அம்மா கதவைத் திறந்தார். எழுபது வயதிருக்கும். மெலிந்த உடல். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். காலையில் பார்த்தபோது பூச்சி அவர் கட்டிலில் மட்டும்தான் இருந்தது; மகனின் அறை சுத்தம். இப்போது மருந்துக்காரம்மா கட்டிலைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய துணிப்பையை எடுத்தார். உள்ளே பாதி பின்னிய கம்பளித் துண்டு, இரண்டு ஊசிகள், மூக்குக்கண்ணாடி, பழம் நறுக்கும் சின்னக் கத்தி. பையின் அடித் தையலைப் பிரித்துக் காட்டினார். அரிசி நொய்போல முட்டைகள் ஒட்டியிருந்தன.

அந்த அம்மா பையைப் பார்த்தார். மருந்துக்காரம்மாவைப் பார்த்தார்.

"கீழே போய்ட்டு வந்தியா?"

"போனேம்மா."

"நாற்காலியைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அது எங்க நாற்காலிதான். எங்களை விட்டுட்டுப் போனப்ப அதை மட்டும் தூக்கிக்கிட்டுப் போனார். பையனுக்கு அப்ப பதினொரு வயசு. வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். நாற்காலியை எடுக்கத் தோணுச்சு, பிள்ளையை எடுக்கத் தோணல." பழைய துணியை எடுத்து மடித்து வைப்பதுபோல் சொன்னார். "முப்பத்தொரு வருஷம். போன வருஷம் அந்தக் கீழ் வீட்டுக்கு வந்தார். ஏன் வந்தீங்கன்னு கேட்டேன். மாடி ஏற முடியலை, அதான் கீழே வந்தேன்னாரு. நாலாவது மாடியிலே நான் இருக்கேன்னு தெரிஞ்சு வந்துட்டு, பேச்சைப் பாரு."

"பையனுக்குத் தெரியாதா?"

"அந்தப் பேரை எடுத்தா சாப்பாட்டுத் தட்டை வெச்சுட்டு எழுந்து போயிடுவான். பதினொண்ணுக்கு வேலையாள் போயிடும். மூணுக்கு வரும். நடுவுல யாரும் இல்ல. அந்த நேரத்துக்குப் போறேன். பெரிசா ஒண்ணும் பேசறதில்ல. பின்னிக்கிட்டிருப்பேன். அவர் தூங்குவார். முழிக்கறப்ப யாராவது இருந்தாப் போதும்னு ஒரு தடவை சொன்னார். வேற ஒண்ணுமே கேக்கல."

அவர் தன் கையின் தடிப்புகளைத் தடவினார்.

"நான்தான் அவருக்குக் கொண்டு போனேனா?"

"இல்லம்மா. அவர் கட்டில்லேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கு."

"அதானே. எனக்கு வந்ததெல்லாம் அவர்கிட்டேர்ந்து வந்ததுதான்." லேசாகச் சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. "ஆனா இனிமே நான் திரும்பக் கொண்டு போய்க் கொடுப்பேன், இல்ல?"

"கொடுப்பீங்க. கீழே அழிச்சாலும் மேலேர்ந்து போகும். மேலே அழிச்சாலும் கீழேர்ந்து வரும்."

"அவரால சொறிஞ்சுக்கக்கூட முடியாதும்மா. எறும்பு ஊர்ந்தாத் தட்டிவிட முடியாது. முதுகெல்லாம் கோடு கோடா இருக்கு. நான் என்ன செய்யணும்னு சொல்லு. செய்யறேன்."

மருந்துக்காரம்மாவுக்கு இந்தத் தொழிலில் பத்தொன்பது வருஷம். ஆரம்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று விதிகள் சொல்வார். துணியை வெந்நீரில் அலசுங்கள், பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், மூன்று வாரம் பிரிக்காதீர்கள். ஒருவர் அலசாமலே கட்டி வைத்தார். இன்னொருவர் அலசிக் கட்டிவிட்டு, மூன்றாம் நாள் ஒரு சட்டைக்காகப் பிரித்தார். மூன்று சொன்னால் ஜனங்கள் சுலபமான ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அதனால் வீட்டுக்கு ஒரே விதி என்று வைத்துக்கொண்டார். சுருக்கமாக, கண்டிப்பாக. அது நன்றாகவே பலித்துவந்தது.

"இருபத்தொரு நாள் கீழே போகாதீங்க" என்றார்.

அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். அருகே போய், விரலால் கட்டங்களைத் தொட்டு எண்ணினார்.

"இருபத்தொண்ணா?"

"முட்டை பொரியப் பத்து நாள் ஆகும். பொரிஞ்சதைக் கொல்ல இன்னொரு தடவை மருந்து. அப்புறம் பத்து நாள் பார்க்கணும். நடுவுல போனா முதல்லேர்ந்து எண்ணணும்."

"அவர்கிட்ட நீயே சொல்லிடுறியா? நான் போய்ச் சொன்னா உட்கார்ந்துடுவேன்."

மருந்துக்காரம்மா கீழே போய்ச் சொன்னார். முதியவர் கேட்டுக்கொண்டார்.

"மூணு வாரம்" என்றார். "முப்பத்தொரு வருஷம் நான் போகாம இருந்ததுக்கு மூணு வாரம். மலிவுதான்."

அடுத்த நாள் இரண்டு வீட்டிலும் வேலை நடந்தது. கட்டிலின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பொடி தூவினார். நாற்காலிக்கு மருந்து அடிக்கவில்லை. நீராவிக் குழாயைப் பின்னல்களின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கட்டில் கால்களின் அடியிலும் நாற்காலிக் கால்களின் அடியிலும் நான்கு நான்கு பிளாஸ்டிக் கிண்ணங்கள் வைத்தார். உட்பக்கம் வழவழப்பானவை. மனித மூச்சைத் தேடி வரும் பூச்சி உள்ளே விழுந்தால் ஏற முடியாது.

பத்தாம் நாள் வந்தபோது முதியவரின் கன்னம் உள்ளே போயிருந்தது. மேசையில் புதிதாக இரண்டு மருந்துப் புட்டிகள். கட்டில் கிண்ணங்களில் மூன்று செத்த பூச்சிகள். நாற்காலிக் கிண்ணங்களில் ஒன்றுமில்லை.

"மேல எப்படி?"

"நல்லாக் குறைஞ்சிருக்கு ஐயா."

"கடி?"

"இப்ப இல்லையாம்."

"நல்லது." மூச்சு வாங்கினார். "இங்கேயும் குறைஞ்சிருக்கு. பகல்லகூடக் கடிக்கும், இப்ப ஆளைக் காணோம். பழகின முகமா இருந்துச்சு."

மருந்துக்காரம்மா இரண்டாம் முறை பொடி தூவினார். முடிந்து எழுந்தபோது அவர் கேட்டார்:

"நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டுப் போறீங்களா? அது சுவரைப் பார்த்துக்கிட்டிருக்கு. வேலையாள் கூட்டறப்ப அப்படியே விட்டுடுது."

கிண்ணங்களோடு சேர்த்துத் திருப்பி வைத்தார். காலி இருக்கை கட்டிலைப் பார்த்தது.

அப்போது மருந்துக்காரம்மாவுக்குத் தோன்றியது. அந்த அம்மா வெறுங்கையோடு வரலாம். பிரம்பு நாற்காலியை விட்டு ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரலாம். மேலே போனதும் உடுத்தியிருந்ததை வெந்நீரில் போட்டுவிட்டால் போதும். பூச்சி மனிதத் தோலில் தங்குவதில்லை. துணியிலும் பையிலும்தான் பயணம் போகிறது. முதல் நாளே அவருக்கு இது தெரியும். மூன்று விதிகள் என்பதால் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம்.

ஆனால் பத்து நாள் போய்விட்டது. மீதி பதினொன்று. பாதியில் விதியை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும் என்பது அவர் பலமுறை கண்டது. மேலும் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் காத்திருந்தார்கள். பெட்டியை மூடினார்.

"பதினொரு நாள் ஐயா."

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் முதியவர்.

இருபத்தோராம் நாள் காலை பத்தரை மணிக்குக் கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டில் இல்லை. அது நின்ற இடத்தில் தரை வெளுத்திருந்தது. பிரம்பு நாற்காலி மட்டும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி, நான்கு கிண்ணங்களில் கால் ஊன்றி, அப்படியே இருந்தது. செயலாளர் சமையலறையில் பாத்திரங்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நாள் ஆச்சு" என்றார், மருந்துக்காரம்மா கேட்காமலே. "மூணு மணிக்கு வேலையாள் வந்து பார்த்திருக்கு. உயிர் போனது பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு இருக்கும்னு டாக்டர் சொன்னார்."

பதினாறாம் நாள், பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில். மருந்துக்காரம்மா பெட்டியைக் கீழே வைத்தார்.

செயலாளர் ஒரு தம்ளரைக் காகிதத்தில் சுற்றினார். பிறகு அதையே பிரித்து மறுபடி சுற்றினார்.

"உங்களை ஒண்ணு கேக்கலாமா? அம்மா தினம் இங்கே வந்துக்கிட்டிருந்தாங்க. எனக்குத் தெரியும். ஒரு நாள் மறந்துவெச்ச ஃபைலை எடுக்க வந்தேன். படியிலேர்ந்து பார்த்தேன். அதுக்கப்புறம் பகல்ல நான் வீட்டுக்கு வர்றதையே விட்டுட்டேன். எதையாவது மறந்தாலும் அப்படியே போய்டுவேன்." தம்ளரைப் பெட்டியில் வைத்தார். "அவங்க இங்கே வர்றது எனக்குத் தெரியக்கூடாது, எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது. அப்படியே ஓடிக்கிட்டிருந்துச்சு. மூணு வாரம் முன்னாடி திடீர்னு நிறுத்திட்டாங்க. ஏதோ சண்டைன்னு நினைச்சேன். பழைய ஆளுதானே, திரும்பவும் எதையாவது சொல்லியிருப்பார்னு. கேக்கல. எப்படிக் கேக்கறது? கேட்டா, எனக்குத் தெரியும்னு ஆயிடுமே."

"சண்டை இல்ல சார். நான்தான் போக வேணாம்னு சொன்னேன். பூச்சிக்காக."

செயலாளர் அவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று மருந்துக்காரம்மா காத்திருந்தார். அவர் அட்டைப்பெட்டியின் மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தார். நான்காவதைச் செருகத் தெரியாமல் கொஞ்ச நேரம் போராடினார்.

"அந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்றார் கடைசியில். "அம்மா மேல கொண்டு வரச் சொல்றாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

மருந்துக்காரம்மா நான்கு மாடி ஏறினார். அந்த அம்மா கதவைத் திறந்து வழிவிட்டார். கட்டிலைப் பார்க்கச் சொல்லி ஒதுங்கி நின்றார். மெத்தைத் தையல், சட்டம், சுவரோரம் எல்லாம் சுத்தம். ஒரு புள்ளியில்லை. அந்த அம்மாவின் கையிலும் தடிப்புகள் மறைந்திருந்தன. நாள்காட்டியில் இருபது கட்டங்கள் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. பதினாறுக்குப் பிறகும் அடித்திருந்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

"கீழே?"

"கட்டில் போயிடுச்சு. நாற்காலிக் கிண்ணம் காலியா இருக்கு. ஆனா அதை வெச்சுச் சொல்ல முடியாது."

"ஏன்?"

"யாரும் உட்காராத நாற்காலிக்குப் பூச்சி வெளியே வராது. உள்ளே ஒண்ணு ரெண்டு இருந்தா மாசக்கணக்குல பட்டினி கிடக்கும். ஆள் உட்கார்ந்து, நேரம் போகணும். அப்பத்தான் இறங்கும், ஏறும், கிண்ணத்துல விழும்."

"நான் உட்கார்றேன்."

"உட்காரலாம். ஆனா..." மருந்துக்காரம்மா நிறுத்தினார். "வெறுங்கையோட வரணும், பை வேணாம். நாற்காலியைத் தவிர வேற எதையும் தொடக்கூடாது. மேல வந்ததும் உடுத்தியிருக்கறதை உடனே வெந்நீர்ல போடணும்."

அந்த அம்மா விரல்களை மடக்கினார். "வெறுங்கை. எதையும் தொடக்கூடாது. வெந்நீர்." ஒன்றும் விடவில்லை. "மூணுதானே. இதுல என்ன இருக்கு."

மடக்கிய விரல்களை அவர் விரிக்கவில்லை. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். குழாயில் எங்கோ தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

"இதை அன்னிக்குச் சொல்லலையே நீ."

"சொல்லலம்மா."

"இப்படிப் போயிருந்தா?"

மருந்துக்காரம்மா டார்ச்சைக் கையில் வைத்திருந்தார். அதன் பொத்தானைத் தொட்டார். அழுத்தவில்லை.

"போயிருக்கலாம்மா."

அந்த அம்மா நாள்காட்டிப் பக்கம் திரும்பினார். இருபத்தோராவது கட்டம் வெறுமையாக இருந்தது. பென்சிலை எடுத்தார். அடிக்காமல் திரும்ப வைத்தார். கொக்கியில் தொங்கிய பையை எடுக்கக் கை போனது; பாதியில் கீழே இறங்கியது.

"வா" என்றார். "பதினொண்ணு ஆகப்போகுது."

நான்கு மாடிகளையும் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினார். எதையும் தொடக்கூடாது என்பதை இங்கிருந்தே தொடங்கிவிட்டார் போல. கீழ் வீட்டு வாசலில் செயலாளர் நின்றிருந்தார். அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செயலாளர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். அம்மா உள்ளே போனார். மகன் கதவைச் சாத்தவில்லை. மாடிக்கும் போகவில்லை. முதல் படியில் பெட்டியை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பின்ன ஒன்றும் இல்லாததால் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எதிரில் தரையின் வெளுத்த செவ்வகம்.

மருந்துக்காரம்மா அன்று அடுத்ததாகப் போகவேண்டிய வீட்டுக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து, இன்று வர முடியாது என்றார். பிறகு தரையில் அமர்ந்தார். அரை மணிக்கு ஒரு முறை டார்ச்சை அடித்து நான்கு கிண்ணங்களையும் பார்த்தார். ஒரு முறை மட்டும் அந்த அம்மா கேட்டார்:

"இருக்கா?"

"இல்லம்மா."

"இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

மூன்று மணி வரை அவர் எழுந்திருக்கவில்லை. கிண்ணங்களில் ஒன்றும் விழவில்லை.